புத்தகத்தில் இல்லாததைச் சொல்லுங்கள்

தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஆளுக்கொரு தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், சின்னக் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அக்கா, பிள்ளைக்குத் தமிழ் வர்ற மாதிரி ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்.” கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு கடைக்குப் போனால் கைக்கு வருவது அரிச்சுவடிதான். அம்மா, ஆடு, இலை, ஈ. அதை ராத்திரி படுக்கையில் வாசித்துக் காட்டிப் பாருங்கள். ஈ வருவதற்குள் நீங்களே தூங்கிவிடுவீர்கள்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தால் எனக்கும் பிள்ளைக்கும் வாய் சும்மா இருக்காது? அந்தப் புத்தகத்தை எடுங்கள். அது எந்த மொழியில் அச்சாகியிருந்தாலும் சரி. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எதிரே இருப்பவர் புருவம் உயரும். விளக்கம் கொஞ்சம் நீளும். தே ஆறினாலும் பரவாயில்லை.

‘ரோஸீஸ் வாக்’ என்று ஒரு சின்னப் புத்தகம். பேட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதி, வரைந்து, 1968-ல் வெளிவந்தது. மொத்தமே 32 சொற்கள். ஒரு கோழி உலாத்தக் கிளம்புகிறது. முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு மில், வேலி, தேனீப் பெட்டிகள் எல்லாவற்றையும் கடந்து சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்கிறது. எழுத்தில் உள்ள கதை இவ்வளவே. படத்தைப் பார்த்தால் கோழிக்குப் பின்னால் ஒரு நரி. அந்த நரியைப் பற்றி எழுத்து மூச்சு விடுவதில்லை. நரி பாய்கிறது, தரையில் கிடந்த, புல் வாரும் கழியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது. அடுத்த பாய்ச்சல், குளத்துக்குள் தொபுக்கடீர். பிறகு வைக்கோலுக்குள் புதைகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, வண்டியில் போய் விழுகிறது, வண்டி உருண்டு தேனீப் பெட்டிகளைச் சாய்க்கிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த நரி ஓட்டம் பிடிக்கிறது. கோழி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். “கோழி குளத்தைச் சுத்திப் போகுது” என்று மட்டும் சொல்லுங்கள். நரி உங்கள் கண்ணில் படவே இல்லை என்று முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையால் பொறுக்க முடியாது. “நரி! நரி! பின்னாடி பாரு!” என்று விரலைப் படத்தில் குத்தும். “எங்கே? கோழிதானே இருக்கு?” என்று நீங்கள் இழுக்க வேண்டும். அப்புறம் முழு வாக்கியமே வரும். பெரியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற பெருமை இருக்கிறதே, அதைவிடப் பெரிய தூண்டுதல் அந்த வயதில் கிடையாது.

கற்பனை வளமுள்ள படப் புத்தகம் என்று நான் சொல்வது இதைத்தான். பேசும் முயலும் ஜிகினா தூவிய இறக்கையும் கற்பனைக்கு அடையாளமில்லை. எழுத்து ஒன்று சொல்ல, படம் இன்னொன்று சொல்ல, நடுவில் ஓர் இடைவெளி விட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் பிள்ளை வந்து உட்காரும். ‘யானை பெரியது’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பெரிய யானையை வரைந்துவிட்டால் பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. 2010-ல் அது 3.3 ஆக இருந்தது. ஆங்கிலம் அதே பத்தாண்டுகளில் 32.3-லிருந்து 48.3-க்குப் போய்விட்டது. எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையை நமக்குத் தெரியும். பாட்டி சொல்வது எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அந்தப் பிள்ளைக்குத் தேவை இன்னும் நான்கு தமிழ்ச் சொற்கள் இல்லை. வாயைத் திறந்து தமிழில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டிய ஓர் அவசரம்தான் தேவை. நரி அந்த அவசரத்தைக் கொடுக்கிறது. டியூஷன் ஆசிரியரால் அதைக் கொடுக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

இப்படிப் பிள்ளையைப் பேசவைத்து வாசிப்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். நேராக வாசித்துக்கொண்டே போகாதீர்கள். ‘இது என்ன பண்ணுது’, ‘ஏன் ஓடுது’ என்று கேளுங்கள். பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதை இரண்டு சொல்லாக நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். அவ்வளவே பயிற்சி. மற்றப் பெற்றோரும் வீட்டில் வாசித்தவர்கள்தான், ஆனால் வழக்கம்போல் வாசித்தார்கள். ஒரே மாதத்தில் பயிற்சி பெற்ற வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் தெளிவாக முந்தியிருந்தார்கள். நம் பாட்டிமார் யாரும் பயிற்சிக்குப் போனதில்லை. ‘அப்புறம் என்ன ஆச்சு சொல்லு’ என்று கேட்காமல் ஒரு கதையையும் அவர்கள் முடித்ததில்லை.

இப்போது அந்தப் புருவத்துக்கு வருவோம். நம் பொது நூலகங்களில் நான்கு மொழிகளிலும் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. தமிழ் அலமாரி சின்னதுதான். அதை முடித்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று திரும்பி வருகிறவர்களிடம் நான் சொல்வது: சீன அலமாரிக்குப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நல்ல படங்கள் உள்ள ஒரு சீனப் புத்தகத்தை எடுத்து வாருங்கள். அதில் ஓர் எழுத்தும் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆங்கிலத்துக்குச் சறுக்கவும் வழியில்லை. படத்தைப் பார்த்து நீங்களே தமிழில் கதை கட்டியாக வேண்டும். ஆங்கிலமோ தமிழோ வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு இதைவிடத் தோதான புத்தகம் கிடைக்காது. முதல்முறையாக அந்த வீட்டில் எல்லாரும் சமமாகப் படிக்கத் தெரியாதவர்கள். நாளைக்கு வேறு கதை சொன்னாலும் யாரும் தப்பு சொல்ல முடியாது. பிள்ளை மட்டும் “நேத்து அப்படிச் சொல்லலையே பாட்டி” என்று பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ளட்டுமே, நமக்கு வேண்டியதும் அதுதானே.

எழுத்தே இல்லாத, அல்லது கிட்டத்தட்ட இல்லாத புத்தகங்களும் உண்டு. ரேமண்ட் பிரிக்ஸின் ‘தி ஸ்னோமேன்’ (1978) முழுக்கப் படம்தான். டேவிட் வீஸ்னரின் ‘டியூஸ்டே’ (1991), ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தவளைகள் எல்லாம் அல்லி இலைமேல் உட்கார்ந்தபடியே பறந்து ஊருக்குள் வரும் கதை. ஏன் பறந்தன என்று எங்கும் சொல்லியிருக்காது. கொடியில் காயும் துணிக்குள் ஒரு தவளை மாட்டிக்கொள்ளும். நம் அடுக்குமாடியில் மூங்கில் கழியில் துணி காய்வதைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தத் தவளை தன் வீட்டுச் சன்னலுக்கும் வந்திருக்குமோ என்று தோன்றாமல் இருக்குமா?

சரி, தமிழில் அச்சான புத்தகம் என்றால் இன்னொரு சிக்கல். எழுத்தில் ‘முயல் விரைவாக ஓடிச் சென்றது’ என்று இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘முயல் வேகமா ஓடிப்போச்சு’ என்றுதான் சொல்வோம். வாசிக்கும்போது எதைச் சொல்வது? இதற்குப் பல பெற்றோர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பேச்சுத்தமிழில் மாற்றிச் சொன்னால் பிள்ளை தப்பாகக் கற்றுக்கொள்ளுமோ என்ற பயம். நம் கல்வி அமைச்சே 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பறையில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. பிள்ளை புழங்காத மொழியில் மட்டும் சொல்லிக்கொடுத்தால், தமிழ் என்பது பள்ளியோடு சரி என்று ஆகிவிடும் என்பதுதான் காரணம். வீட்டில் நாம் ஏன் அதைவிடக் கெடுபிடியாக இருக்க வேண்டும்?

என் வழி இது. நான்கு வயதுக்குள் என்றால் முழுக்கப் பேச்சுத்தமிழ். பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு வாக்கில், கதை சொல்லும் வரிகளை அச்சில் உள்ளபடி வாசித்து, பாத்திரங்கள் பேசுவதை மட்டும் பேச்சில் சொல்லலாம். தொடக்கநிலை 1-க்குப் போகும்போது பிள்ளையே இரண்டுக்கும் நடுவில் தாவப் பழகியிருக்கும். மேடைப் பேச்சாளர்கள் இதைத்தான் நாள்தோறும் செய்கிறார்கள். யாரும் அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னதில்லையே.

காதுக்கு ருசிக்கிற புத்தகமா என்று பாருங்கள். தமிழுக்கு இதில் பெரிய சொத்து இருக்கிறது. சலசல, கடகட, மடக் மடக், தொபுக்கடீர், விலுக்கென்று, பொசுக்கென்று. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பொருள் புரியாமலே இந்த ஓசைகள் பிடிக்கும். புத்தகத்தில் இல்லாவிட்டால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’ இதற்கு ரொம்பத் தோது. ஒரு பெரிய யானைக்குச் சளி பிடித்துவிடுகிறது. யானை தும்மினால் ஊர் என்ன ஆகும்? வாசிக்கிறவர் தும்மியே ஆக வேண்டும், கூச்சப்பட்டால் கதை எடுபடாது. வீவக வீட்டில் பக்கத்துச் சுவருக்குக் கேட்கும்படி அப்பாக்கள் தும்முவதை நான் கேட்டிருக்கிறேன்.

தூலிகா 1996 முதல் ஒரே புத்தகத்தைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில் ஏராளமான தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு முதல் நிலை போதும், ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் வீட்டில் அச்சடித்து நூல் கட்டிக்கொள்வதற்கும் தடையில்லை. எம்ஆர்டியில் போகும்போது கைப்பேசியில் காட்டுவதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். படுக்கையில் வேண்டாம். அங்கே அந்தக் கைப்பேசி கதை முடிந்த பிறகும் கையில் இருக்கும்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தமிழில் மொழிபெயர்த்த படப் புத்தகங்கள் சிலவற்றில் வாக்கியம் விறைத்துக் கிடக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. அலமாரிப் பக்கத்திலேயே நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் முணுமுணுங்கள். மூச்சு முட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள், படம் அழகாக இருந்தால் எழுத்தை மறந்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இருமொழிப் பதிப்புகளில் வேறொரு தொல்லை. எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழு (1969), பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை போட்டுத் தின்றுகொண்டே போகுமே, அதைத் தமிழும் ஆங்கிலமுமாக லண்டனின் மந்த்ரா லிங்குவா அச்சிட்டிருக்கிறது. ஓட்டையில் பிள்ளை விரலை நுழைப்பதற்காகவே வாங்கலாம். ஆனால் அலுப்பான ராத்திரிகளில் நம் கண் தானாக ஆங்கில வரிக்குப் போய்விடும். கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

நீதிக் கதைகளைப் பற்றிக் கேட்பார்கள். லிட்டில் இந்தியாக் கடைகளில் தொங்கும் மெல்லிய புத்தகங்களில் பாதி அவைதான். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு ‘நீதி’ என்றிருக்கும். கதைமேல் எனக்குக் கோபமில்லை. பாட்டி வடை சுட்ட கதையில் என்ன குறை? காக்கா ஏன் வடையைக் காலடியில் வைத்துவிட்டுப் பாடவில்லை, பாட்டி ஏன் போலீசுக்குப் போகவில்லை, நரிக்கு வடை பிடிக்குமா என்று ராத்திரி முழுக்கப் பேசலாம். அந்தக் கட்டம் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. நீதி வருவதற்கு முந்தின பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

பிள்ளை குறும்பு செய்வதை மன்னிக்கிற புத்தகமும் வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும். மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ 1963-ல் வந்தபோது குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஓநாய் உடை போட்ட மாக்ஸ் அட்டகாசம் செய்ய, அம்மா சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பிவிடுகிறாள். அந்தப் புத்தகத்தில் படத்தின் அளவை மட்டும் கவனியுங்கள். முதல் பக்கத்தில் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. அறைக்குள் மரம் முளைக்க முளைக்கப் படமும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிறது, வெள்ளை சுருங்குகிறது. பூதங்களின் தீவில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது மூன்று முறை இரண்டு பக்கங்களையும் படமே நிரப்பிவிடும், எழுத்துக்கு இடமே இல்லை. அங்கே நீங்களும் வாயை மூடிக்கொண்டு காலைத் தரையில் தட்ட வேண்டும். திரும்பி வரும்போது படம் மறுபடி சுருங்கும். கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது. சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது என்ற செய்தி மட்டும். செங்காங் அடுக்குமாடியில் பத்தடி அறைக்குள் வளரும் பிள்ளைக்குக் காடு எங்கிருந்து வரும் என்று அந்தப் புத்தகம் சொல்லாமலே காட்டிவிடுகிறது. அந்தப் பூதங்கள் யார் என்று கேட்டால் இன்னும் பிடித்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய தன் சொந்தக்கார மாமா, அத்தைகளை நினைத்துத்தான் வரைந்ததாகச் செண்டாக் சொல்லியிருக்கிறார். நம் வீட்டுத் தீபாவளிக்கும் அதே பூதங்கள் வருகின்றன.

சென்னை தாரா புக்ஸ் 2004-ல் வெளியிட்ட ‘தி லண்டன் ஜங்கிள் புக்’கையும் நூலகத்தில் தேடிப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் ஓர் இந்திய உணவகச் சுவரில் ஓவியம் தீட்ட லண்டன் போனார். திரும்பி வந்து தான் கண்ட லண்டனைத் தன் ஊர்க் கண்ணால் வரைந்தார். பிக் பென் மணிக்கூண்டு அவருக்குச் சேவல், இரண்டுமே நேரம் சொல்கின்றன. தினமும் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் பேருந்து விசுவாசமான நாய். சாயங்காலமானால் மதுக்கூடத்தில் கூடும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். எழுத்து பெரியவர்களுக்கானது, விட்டுவிடலாம். படத்தைக் காட்டிவிட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள்: நம் எம்ஆர்டி எந்த மிருகம்? மின்தூக்கி? மரினா பே சேண்ட்ஸ்? புத்தகத்தை மூடிய பிறகும் தொடரும் விளையாட்டு இது.

அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுப் பக்கமே நடக்கலாம். பெலிலியோஸ் சந்தின் சுவரில் கிளி ஜோசியம் முதலான பழைய தொழில்களை ஆளுயரத்துக்கு மேல் வரைந்திருக்கிறார்கள். கெர்பாவ் ரோட்டுப் பக்கம் மாடுகள். இந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்தில் பிழைத்தது. சுவரில் உள்ள கிளி என்ன சீட்டை எடுத்தது, மாடு எம்ஆர்டியில் ஏறினால் கார்டைத் தட்டுமா என்று கேட்டுக்கொண்டே போனால் அதுவும் வாசிப்புதான். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் கிணறும் ஆட்டோவும் மாட்டுவண்டியும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாதே என்று கவலைப்படுகிறவர்கள், செண்டாக்கின் பூதத்தையும் அவர்கள் நேரில் பார்த்ததில்லை என்பதை யோசிக்க வேண்டும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கேட்கட்டும். அதனால்தான் உங்களுக்கும் அலுக்காத புத்தகமாக எடுக்கச் சொல்கிறேன். நூலகத்தில் எடுத்தால் மூன்று வாரம் கையில் இருக்கும். பிள்ளை தொடாத புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையணைக்கடியில் போனதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் கெட்டி அட்டைப் புத்தகம். எப்படியும் வாயில் வைக்கும்.

கடைசியாக, எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்பது: “நான் தமிழ்லதான் அக்கா சொல்றேன். அவன் இங்கிலீஷ்லயே பதில் சொல்றான். என்ன பண்றது?” ஒன்றும் பண்ணாதீர்கள். ‘தமிழ்ல சொல்லு’ என்று அதட்டினால் கதை அந்த இடத்திலேயே பாடமாகிவிடும். நரி குளத்துப் பக்கம் பதுங்குகிறது, பையன் “ஹீ இஸ் கோயிங் டு ஃபால்!” என்று கத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஐயையோ, விழப்போகுதா? எங்கே விழப்போகுது?” என்று அதையே தமிழில் வாங்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்புங்கள். “வாட்டர்ல!” என்பான். “தண்ணிக்குள்ளயா! தொபுக்கடீர்னா?” என்று கேளுங்கள். அடுத்த தடவை அந்தப் பக்கம் வரும்போது ‘தொபுக்கடீர்’ அவன் வாயிலிருந்து வரும். ‘தண்ணி’ அதற்கடுத்த வாரம் வரலாம், வராமலும் போகலாம். நரி எங்கும் போய்விடாது.